வில் அசைந்தது, சத்தம் வரவில்லை

2022 மார்ச்சில் என் லப்டொப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டேன். அலுவலகக் கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் வேர்டில் கிடப்பதால் பகலில் விண்டோஸ் வேண்டும். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு, ரொறன்ரோவில் காலை 9 மணிக்கு, அங்கே இருக்கிற என் பெறாமகளுக்கு வீடியோவில் வயலின் வகுப்பு எடுப்பேன். வீடியோவைத் திறந்தாலே விண்டோஸ் திணறும். டெபியனில் படம் தடங்காமல் ஓடியது.

முதல் வகுப்பில் பிள்ளை சரளி வரிசை வாசித்தாள். வில் போய் வருகிறது, முழங்கை சரியாக மடங்குகிறது, ஒரு சத்தமும் இல்லை. "சின்னம்மா, சரியோ?" என்று அவள் கேட்டதை வாயசைவில்தான் பிடித்தேன். வயலினில் கண்ணால் பார்த்துச் சுருதி சொல்ல முடியாது. அன்றைய வகுப்பைப் போனில் முடித்தேன்.

சவுண்ட் செட்டிங்கைத் திறந்தால் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே ஒரு வரி. சவுண்ட் கார்ட் கண்ணில் படாதபோது சிஸ்டம் ஒப்புக்கு வைத்துக்கொள்கிற வெறும் பெயர் அது. கணினி திருத்துகிற தம்பி ஒருவரிடம் காட்டினேன். "மதர்போர்ட் போயிட்டுது அக்கா, யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒண்டு வாங்குங்கோ" என்றார். இலங்கையில் ரூபாய் விழுந்துகொண்டிருந்த நேரம், இறக்குமதிச் சாமான் எதையும் தொட முடியாத விலை. அதோடு, விண்டோஸில் சத்தம் அருமையாக வருகிறது. அப்படியென்றால் போர்ட் எப்படிப் பழுதாகும்? உங்களுக்கும் இப்படி வந்தால் காசை எடுக்க முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

டேர்மினலில், அதாவது கட்டளை தட்டுகிற ஜன்னலில், கேர்னல் பதிவைப் பார்த்தேன். சிஸ்டத்தின் மையப்பகுதி எழுதிவைக்கிற குறிப்பு அது. சோஃப் ஃபேர்ம்வெயர் கோப்பு இல்லை என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. ஃபேர்ம்வெயர் என்பது ஒரு சாதனத்துக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள், சோஃப் என்பது ஒலிக்கான ஒன்றின் பெயர். மைக் உள்ளேயே பொருத்திய புதிய இன்டெல் லப்டொப்புகள் பலவற்றில் ஒலி ஒரு சிறிய தனிச் செயலி வழியாகப் போகிறது. ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் அந்தச் செயலிக்கான ஃபேர்ம்வெயரை சிஸ்டம்தான் ஏற்ற வேண்டும். டெபியன் 11-இன் வழக்கமான இன்ஸ்டோல் கோப்பில் அது இல்லை. மென்பொருள் பொதிகள் எங்கிருந்து வரும் என்ற பட்டியலில், கட்டற்ற உரிமம் இல்லாதவற்றுக்கான 'நொன்-ஃப்ரீ' பகுதியைச் சேர்த்து, 'ஃபேர்ம்வெயர்-சோஃப்-சைன்ட்' என்ற பொதியை நிறுவினேன். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து இன்ஸ்டோல் கோப்போடேயே ஃபேர்ம்வெயரும் வருகிறது, ஆகவே இப்போது போடுகிறவர்களுக்கு இந்தப் பாடு குறைவு.

கார்டின் பெயர் வந்தது. சத்தம் வரவில்லை.

இந்த இடத்தில், டேர்மினலில் ஒலி அளவுகளைக் காட்டுகிற அல்சாமிக்ஸர் என்ற நிரலை ஆறுதலாகப் பார்க்க வேண்டும். திறந்தவுடன் ஒரேயொரு தூண்தான் தெரியும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தெரிவுசெய்தால் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர் என்று தூண்கள் வரிசையாக வரும். என்னுடையதில் ஸ்பீக்கர் தூண் உச்சிவரை நிறைந்திருந்தது, ஆனால் அடியில் உள்ள சின்னப் பெட்டியில் 'எம்எம்'. வாய் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையை ஒருமுறை தட்ட அது 'ஓஓ' ஆனது. ஸ்பீக்கர் 'டப்' என்றது. அந்தச் சின்ன ஒலிக்கே கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

அப்புறம்தான் உண்மையான தலையிடி. ஒரு சனிக்கிழமை சத்தம் வரும், அடுத்த சனி வராது. மிக்ஸரில் எல்லாம் சரி, கார்டும் இருக்கிறது, ஸ்பீக்கர் மட்டும் ஊமை.

விடையை மின்வெட்டுத்தான் காட்டித் தந்தது. அந்த மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. என் லப்டொப்பில் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, கரண்ட் போனால் அந்தக் கணமே அணையும். அப்படி அணைந்து, பின்னேரம் கரண்ட் வந்த பிறகு நேரே டெபியனைத் திறந்த நாட்களில் எல்லாம் சத்தம் வந்திருந்தது. வராத நாட்களில், கடிதத்தை முடித்துவிட்டு விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிறு இரண்டு விதமாகவும் மும்மூன்று தரம் செய்து பார்த்தேன். ஒரு தரமும் மாறவில்லை.

ரீஸ்டார்ட்டில் ஒலிச் சில்லுக்குப் போகிற மின்சாரம் அறுவதில்லை. விண்டோஸின் டிரைவர், அதாவது அந்தச் சில்லை இயக்குகிற மென்பொருள், விட்டுப்போன நிலையிலேயே அது நிற்கிறது, டெபியனின் டிரைவரால் அதை முழுதாகக் கலைக்க முடியவில்லை. இப்போது ரீஸ்டார்ட் கொடுப்பதே இல்லை. ஷட் டவுன் செய்து, வயரைக் கழற்றி, பத்துவரை எண்ணிவிட்டுப் போடுகிறேன். விண்டோஸின் பவர் ஒப்ஷனில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதையும் எடுத்துவிட்டேன். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, தன் பாதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத்தான் போகும்.

அடுத்த சனி ஆறரைக்குப் பிள்ளை வில்லை வைத்தாள். இரண்டாவது ஸ்வரத்திலேயே நிறுத்தச் சொன்னேன்.

"இரண்டாம் தந்தி கொஞ்சம் இறங்கிக் கிடக்குது பிள்ளை, முறுக்கு."

அவள் வயலினை மடியில் நிமிர்த்தி முறுக்கினாள். முறுக்காணி கிரீச்சிட்டதும் கேட்டது.