உகாண்டாவுக்கு முன்னால் அம்மாப்பேட்டை

உகாண்டாவில் நடக்கிற இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு நான் போகிறேன் என்று அம்மா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் யாரிடமோ சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே முகாம் தொடங்கிவிட்டது.

"எங்கியோ இருக்கறவங்களுக்குப் பாக்கப் போற, எதுத்த வீட்டுக்குப் பாக்க மாட்டியா?"

நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பேன், புரை ஆபரேஷனுக்கு முன்னால் லென்ஸ் அளவு எடுப்பேன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒரு அக்கா முழங்கால் எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிக் காட்டினார்.

இதற்கு நடுவே சென்னைக்குப் போய், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு வந்தேன். அந்த அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் விட மாட்டார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். அப்புறம் ஆயுசுக்கும் போதும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி ஆகாது, முட்டைக் கருவில் வளர்த்துத்தான் இதைத் தயாரிக்கிறார்கள் என்று வீட்டில் வாய்தவறிச் சொன்னேன். ஆடி மாசம், கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருக்கிற வீடு. அம்மா என்னைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியோ மஞ்சள் காமாலை என்றே முடிவுகட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, குடிக்கிற வரை எதிரே நின்றார்.

பெட்டியைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். அனுமதி 23 கிலோ. சொட்டு மருந்தும் கண்ணாடிகளும் போக மிச்சமிருந்த இடத்தை எள்ளுப்பொடியும் தட்டுவடையும் பிடித்துக்கொண்டன.

ஆனால் திண்ணை முகாமின் நாயகர் தறிக்காரத் தாத்தாதான். பத்து வீடு தள்ளி இருக்கிறார். "எனக்கென்ன கண்ணு, இழை அறுந்தா கையே சொல்லிரும்" என்பவர், மகன் நச்சரித்ததால் வந்தார். இருபதடி தள்ளி வேப்ப மரத்தில் எழுத்து அட்டையை மாட்டியிருந்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. அவருக்கு முன்னால் மூன்று பேர் அதே வரிகளைச் சத்தமாகப் படித்திருந்தார்கள். சத்தமில்லாமல் அட்டையைத் திருப்பி, எழுத்தே இல்லாத வெறும் பக்கத்தை மாட்டினேன். தாத்தா அதே வரிகளை, அதே வேகத்தில் மறுபடியும் ஒப்பித்தார்!

டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணின் நடுவே கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளை வெளேர் என்றிருந்தது. நன்றாக முற்றிய புரை.

"சின்னதா ஒரு வெட்டுதான் தாத்தா. பெரும்பாலும் தையலே தேவைப்படாது. பெரிய மெஷினும் வேணாம். அதனாலதான் உகாண்டாவுலயும் இதையே பண்றோம்."

"நீ போய்ட்டு வா, பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

வழியனுப்ப அவரும் ஜங்ஷனுக்கு வந்தார். தூரத்தில் என்ஜின் வெளிச்சம் தெரிந்ததும் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "ஏற்காடு எக்ஸ்பிரஸ் வந்துருச்சு, ஓடியா கண்ணு!" என்று முன்னால் ஓடினார். தடதடவென்று கடந்து போனது சரக்கு ரயில். பெட்டியோடு சேர்த்து அவரை மகன்தான் பிடித்து நிறுத்தினார்.

"போர்டு மாட்டாம வந்தா எவனுக்குத் தெரியும்?" என்றார் தாத்தா.

மகன் என்னிடம் திரும்பினார். "நம்ம பெரியாஸ்பத்திரியிலயும் இந்த ஆபரேஷன் பண்ணுவாங்கல்ல? திங்கக்கிழமையே கூட்டிட்டுப் போறேன்."

"அட இருடா," என்றார் தாத்தா. "மொதல்ல அந்த ஊர்க்காரங்களுக்குப் பண்ணிப் பாக்கட்டும்."