கார்டை வெட்டினால் கணக்கு மூடாது

கொழும்பில் சம்பளக்காரர் ஒருவரின் பேர்ஸில் மூன்று நான்கு கிறெடிட் கார்ட் கிடப்பது புதுமையில்லை. எதை வைத்திருப்பது என்று யோசிக்கும்போது, கார்ட் எடுக்கும்போது சொன்ன சலுகைகளை மறந்துவிட்டு, கடைசி 12 மாத ஸ்டேட்மென்டை மட்டும் பாருங்கள்.

ஆண்டுக் கட்டணம் 6,000 ரூபாய் என்று வைப்போம். செலவழிக்கும் 100 ரூபாய்க்கு ஒரு வெகுமதிப் புள்ளி, ஒரு புள்ளியின் பெறுமதி 30 சதம் என்றால் அந்த 6,000ஐத் திரும்ப எடுக்கவே வருடத்துக்கு 20 லட்சம் செலவழிக்க வேண்டும். புள்ளிக்காகக் கார்ட் வைத்திருப்பது பெரும்பாலும் வீண். சுப்பர்மார்க்கட் விலைக்கழிவு வேறு கதை. மரக்கறிக்கும் பழத்துக்கும் கிடைக்கும் கழிவு கையில் நிற்கும். ஆனால் எந்த நாள், பில்லில் எவ்வளவு வரைக்கும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். புறக்கோட்டையில் மலிவாக வாங்கும் சாமானைக் கழிவுக்காக வேறிடத்தில் வாங்கினால் அது கழிவே இல்லை.

கட்டணம் விழுந்துவிட்டதா? முதலில் ஹொட்லைனுக்கு எடுத்துத் தள்ளுபடி கேளுங்கள். கேட்டவருக்குத்தான் கிடைக்கும். “இத்தனை நாளுக்குள் இவ்வளவு செலவழிக்க வேண்டும்” என்று நிபந்தனை போட்டால் அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு கார்ட் போதும், இரண்டும் வெவ்வேறு வங்கியாக இருக்கட்டும். ஒன்றின் சிஸ்டம் படுத்தால் மற்றது கைகொடுக்கும். ஒன்றாவது விசா அல்லது மாஸ்டர்கார்டாக இருப்பது நல்லது, அமெக்ஸ் எல்லாக் கடையிலும் எடுபடாது. சம்பளம் விழும் வங்கியின் கார்டை வைத்திருந்தால் முழு நிலுவையையும் தானாகக் கழிக்கச் சொல்லலாம். படிவத்தில் 100% என்று குறிக்க மறந்து, ஆகக் குறைந்த தொகையான மினிமமில் விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

வீட்டுக் கடனோ வாகன லீசிங்கோ எடுக்கும் யோசனை இருந்தால், பாவிக்காத கார்டும் சும்மா இருப்பதில்லை. கடன் கேட்கும்போது வங்கி பார்க்கும் கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் அதன் லிமிட் உங்கள் பெயரில் தெரியும். மூட மனமில்லையென்றால் லிமிட்டைக் குறைக்கச் சொல்லலாம். பலருக்கு அந்த வழி இருப்பதே தெரியாது.

இனி மூடும் வேலை. பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். கத்தரிக்கோலால் வெட்டியதும் முடிந்தது என்று நினைப்பார்கள். முந்திய மாத நிலுவையை முழுமையாகக் கட்டாமல் விட்டிருந்தால், ஸ்டேட்மென்ட் அடித்த நாளிலிருந்து நீங்கள் காசு கட்டிய நாள் வரையான வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில்தான் வரும். மத்திய வங்கி 2023 ஓகஸ்டில் கடனட்டைக்கு விதித்த உச்ச வட்டி 28%. அந்த வீதத்தில் ஒரு லட்சம் நிலுவைக்கு 20 நாள் வட்டி ஏறத்தாழ 1,534 ரூபாய். “எல்லாம் கட்டியாச்சு” என்று அந்த ஸ்டேட்மென்டைத் திறக்காமல் விட்டால், அதற்குத் தாமதக் கட்டணம், அதன் மேல் வட்டி, கடைசியில் கிறிப்பில் நிலுவைக்காரர் என்று ஒரு பதிவு.

ஆகவே மூடுவதற்கு ஒரு மாதம் முன்பே கார்டை நிறுத்துங்கள். டயலொக், எஸ்எல்டி போன் பில், இன்சூரன்ஸ், நெட்ஃபிளிக்ஸ் என்று தானாகக் கழிபவற்றை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். புள்ளி இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள், மூடிய பின் கிடைக்காது. தவணைத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தால் மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள், சில நேரம் கட்டணத்தோடு. மனைவி அல்லது கணவர் கையிலுள்ள துணைக் கார்டும் சேர்ந்தே நின்றுபோகும். முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், கடையில் வைத்துத் தெரியவேண்டாம்.

பிறகு “இன்றைய தேதிக்கு மூடுவதற்கான தொகை எவ்வளவு” என்று கேளுங்கள். ஸ்டேட்மென்டில் உள்ள தொகை அதற்குச் சமமாக இராது. அதைக் கட்டி, மூடும்படி எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நிலுவை இல்லை என்ற கடிதம் கைக்கு வரவேண்டும். வங்கி கிறிப்புக்குத் தகவல் அனுப்ப நாளாகும் என்பதால், ஓரிரு மாதம் கழித்து உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கார்ட் இன்னும் திறந்ததாகக் காட்டினால், அந்தக் கடிதத்தோடு முதலில் போகவேண்டிய இடம் வங்கிதான். கிறிப் தானாகத் திருத்தாது.