பால்காரப் பையனை வழியில் நிறுத்திய மாதா

வேளாங்கண்ணியில் அம்மாக்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கையில் மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் பிள்ளையின் சட்டைக் காலர், தோளில் தண்ணீர் பாட்டிலும் மாற்றுத்துணியும் பிதுங்கும் பை. உதடு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருக்கும். கண் மட்டும் செருப்பு விட்ட இடத்தையும் சின்னவன் ஓடும் திசையையும் மாறி மாறிப் பார்க்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

பெரியவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது இது. பிள்ளை எழுந்துவிட்டால் வேளாங்கண்ணி மணலில் முழங்காலால் நடக்கிறேன் என்று. பிள்ளை எழுந்தாள், பள்ளிக்கும் போனாள். நேர்த்திக்கடன்தான் தள்ளிக்கொண்டே போனது. மார்ச் என்றால் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, ஜூன் என்றால் புதுப் பாடப்புத்தகம், அப்புறம் யாருக்காவது காய்ச்சல். “மாதாவுக்குக் கடன் வைக்கக்கூடாதும்மா” என்று மாமியார் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார். குத்தலாகச் சொல்லமாட்டார். அதுதான் இன்னும் குத்தும்.

உண்மையில் எனக்குப் பெரிய குறை வேறு. செபிக்கவே நேரமில்லை என்பது. ஞாயிறு பூசைக்குப் போகிறோம் என்று பெயர். பிரசங்கம் முழுக்கச் சின்னவனோடு கோயில் முற்றத்தில்தான் நிற்பேன். ஒலிபெருக்கியில் வருவது பாதி காதில் விழும், பாதி அவன் அழுகையில் போய்விடும். இரவு குடும்பச் செபத்தில் செபமாலையின் மூன்றாவது பத்து முடிவதற்குள் யாராவது தூங்கிவிடுவார்கள், பெரும்பாலும் நான். திருமணத்துக்கு முன்னால் நற்கருணை ஆராதனையில் முழு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பெண் எங்கே போனாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வேளாங்கண்ணிக்குப் போனால் அவள் திரும்பக் கிடைப்பாள் என்று ஒரு நினைப்பு.

திருவிழாக் காலம் வேண்டாம் என்று ஒரு சாதாரண சனிக்கிழமையாகப் பார்த்துப் போனோம். நாகப்பட்டினத்தில் இறங்கித் தெற்கே கொஞ்ச தூரம் பேருந்து. வெள்ளைக் கோபுரங்கள் தென்னைக்கு மேலே தெரிந்ததும் பேருந்தில் இருந்த பாதிப் பேர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பொட்டு வைத்திருந்த ஓர் அம்மாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மடியில் மொட்டை போட வேண்டிய பேரன். வேளாங்கண்ணியில் இது புதுமை இல்லை. எந்த மதம் என்று மாதா கேட்டதாகக் கதை இல்லை.

பேராலயத்துக்குள் ஆரோக்கிய அன்னை பட்டுச்சேலையில், கையில் பிள்ளையோடு நிற்கிறாள். பீடத்தில் பதித்திருக்கும் பழைய பீங்கான் தட்டுகளை இந்த முறைதான் நிதானமாகப் பார்த்தேன். புயலில் சிக்கித் தப்பிக் கரையேறிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கொடுத்தவை என்பார்கள். அவர்கள் கரை சேர்ந்தது மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 என்பது மரபு. பெருவிழா அன்றைக்கு வருவதும் அதனால்தான். 1962-ல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் இந்தக் கோயிலைப் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதிக்கு உயர்த்தினார். இதையெல்லாம் என் கணவர் பெரியவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மெழுகுவர்த்தி எவ்வளவு வேகமாக உருகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த மாலுமிகளைவிட, மாதா காட்சி கொடுத்த முதல் இரண்டு கதைகள்தான் நெருக்கம். எல்லாருக்கும் தெரிந்தவைதான். நாகப்பட்டினத்து முதலாளி வீட்டுக்குப் பால் கொண்டுபோகும் பையன், குளத்தங்கரை ஆலமரத்தடியில் கொஞ்சம் இளைப்பாறுகிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கொடு என்கிறாள். கொடுக்கிறான். முதலாளியிடம் போய், தாமதத்துக்கும் பால் குறைந்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறான். பானையைத் திறந்தால் பால் நிறைந்து வழிகிறது. அடுத்தது வேளாங்கண்ணியிலேயே நடுத்திட்டு என்னும் இடம். அங்கே மோர் விற்கும் கால் ஊனமுற்ற சிறுவன். அவனிடமும் அதே பெண், பிள்ளைக்கு மோர் கேட்கிறாள். கொடுத்தவனை, நாகப்பட்டினம் போய் எனக்கு ஒரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். அவன் எழுந்து ஓடுகிறான்.

சிறுவயதில் கேட்டபோது பால் பொங்கியதும் கால் சரியானதும்தான் மனதில் நின்றன. பால்காரப் பையன் இளைப்பாறிய மாதா குளத்தின் முன்னால் பெரியவளுக்கு அதே கதையைச் சொல்லும்போது வேறொன்று கண்ணில் பட்டது. இரண்டு பேருமே வேலையில் இருந்தவர்கள். ஒருவனுக்குக் குறித்த நேரத்தில் பால் போய்ச் சேர வேண்டும், இன்னொருவனுக்குப் பானை காலியாக வேண்டும். மாதா அவர்களிடம் வேலையை விட்டுவிட்டுக் கோயிலுக்கு வா என்று சொல்லவில்லை. கேட்டதும் பெரிய விஷயம் இல்லை. அழுகிற பிள்ளைக்குப் பால். பாத்திரத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் எந்த அம்மாவும் கேட்பதுதான்.

அந்த மோர்ப் பையனின் தாய் கணவனை இழந்தவள் என்று கதையில் ஒரு வரி வரும். அதற்கு மேல் அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நடக்க முடியாத பிள்ளையை ஆலமரத்தடியில் மோர்ப்பானையோடு உட்காரவைத்துவிட்டு, அவள் வேறு பிழைப்பைப் பார்க்கப் போயிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். சாயங்காலம் கூட்டிப்போக வந்தபோது பையனைக் காணவில்லை என்றால் எப்படித் தவித்திருப்பாள்? அந்தப் பகுதியை எழுத ஓர் அம்மா வேண்டும்.

என் மகளின் கேள்வி வேறு: “மாதாவால பாலைப் பொங்க வைக்க முடியும்னா, எதுக்கும்மா அந்த அண்ணாகிட்ட கேக்கணும்?” என் கணவர் என்னைப் பார்த்தார், நான் குளத்தைப் பார்த்தேன். பதில் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நல்ல கேள்வி.

பிறகு நேர்த்திக்கடன். பேராலயத்திலிருந்து மாதா குளம் பக்கம் போகும் மணல் பாதை, முழங்காலில் போகிறவர்களுக்கென்றே இருக்கிறது. சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டேன். மணல் மெத்தென்று இருக்கும் என்று நினைப்போம். முதல் சில அடிக்கு அப்படித்தான். அப்புறம் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரியும். கையில் செபமாலை. சனிக்கிழமை என்பதால் மகிழ்ச்சி மறையுண்மைகள், அதாவது பத்துக்கு ஒன்றாகத் தியானிக்கும் ஐந்து நிகழ்ச்சிகள்; எங்கள் பாட்டி சந்தோஷ தேவ இரகசியங்கள் என்பார். இரண்டாவது பத்தில், நான் யானை விளையாடுகிறேன் என்று நினைத்த சின்னவன் முதுகில் ஏறிவிட்டான். இறக்கிவிட்டால் அழுகை, மறுபடி ஏற்றினால் சிரிப்பு. பக்கத்தில் முழங்காலில் வந்துகொண்டிருந்த வயதான அம்மாள், “இருக்கட்டும் தாயி. மாதாவும் பிள்ளைய வச்சுக்கிட்டுத்தான நிக்கிறா” என்றார். அதோடு இறக்கிவிடும் முயற்சியை விட்டேன்.

ஐந்தாவது மறையுண்மை, காணாமற்போன இயேசுவைக் கோயிலில் கண்டடைந்தது. லூக்கா இரண்டாம் அதிகாரம். அதுவும் ஒரு திருப்பயணம்தான். பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போன குடும்பம், திரும்பும் வழியில் ஒரு நாள் தூரம் நடந்த பிறகுதான் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட்டத்தில் இல்லை என்று தெரிகிறது. மூன்று நாள் கழித்துத்தான் கிடைக்கிறான். ஏன் இப்படிச் செய்தாய் என்று மாதா கேட்கிற தொனி எந்த அம்மாவுக்கும் பழக்கமானது. இதைப் போய்த் திருச்சபை மகிழ்ச்சிக் கணக்கில் வைத்திருக்கிறதே! நான்காவதும் அப்படித்தான். குழந்தையைக் காணிக்கையாக்கப் போன இடத்தில், உள்ளத்தை வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொல்லி அனுப்புகிறார். தொழுவத்தில் பிரசவம், மலைநாட்டுக்கு அவசரப் பயணம், பிள்ளையைத் தேடி அலைச்சல். இந்த ஐந்தில் ஒன்றுகூட அமைதியான ஓய்வு நேரத்தில் நடக்கவில்லை. இத்தனை வருடம் சொல்லியும் முதுகில் பிள்ளையோடு சொன்னபோதுதான் உறைத்தது.

பாதை முடியும் இடத்தில் கைபேசி அடித்தது. அலுவலகம். ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், சொன்னேன். முன்பெல்லாம் இப்படி வந்தால் செபமே கெட்டுப்போனது என்று அன்றைக்கு முழுவதும் எரிச்சலாக இருக்கும். அன்று வைத்துவிட்டு விட்ட மணியிலிருந்து தொடர்ந்தேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் கடற்கரை. பிள்ளைகளின் கையை நான் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிப் பிடிப்பேன் இங்கே. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. திருவிழா முடித்துக் கடலைப் பார்க்க இறங்கிய எத்தனையோ திருப்பயணிகள் இதே கரையில்தான் போனார்கள். அலை பேராலயத்துக்குள் வரவில்லை என்று பலர் புதுமையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல நா எழுவதில்லை. கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவும் அன்று காலையில் செபம் சொல்லியிருப்பாள். அவர்களுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே சொன்னோம். பெரியவள் காரணம் கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையை அவளே பிடித்துக்கொண்டாள்.

பழைய ஆராதனைப் பெண் கிடைத்தாளா என்றால், இல்லை. தேடுவதையும் இப்போது விட்டாயிற்று. அதற்குப் பதில் மூவேளைச் செபத்தைப் பிடித்திருக்கிறேன். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. ஓரிரு நிமிடம்தான். கையில் வேலை இருப்பவர்களுக்கு ஆலய மணி அடித்து நினைவூட்டிய செபம் அது. காலையில் அடுப்படியில், நண்பகலில் கணினி முன்னால், மாலையில் பேருந்தில் தொங்கிக்கொண்டு. நண்பகல்தான் அடிக்கடி தவறும், ஒன்றரைக்கு நினைவு வந்தால் ஒன்றரைக்குச் சொல்வேன். பூசை நேரத்து முற்றத்திலும் இப்போது எனக்குக் குறை இல்லை. அங்கே நிற்கும் மற்ற அம்மாக்களோடு நட்பாகிவிட்டேன். ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், முறைவைத்து உள்ளே போய் வருகிறோம். கணவரிடமும், “என்னங்க, இந்த வாரம் முற்றம் உங்க முறை” என்று சொல்லப் பழகியாயிற்று.

சின்னப் பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை ஊர் தாங்காத கூட்டம். தேர்பவனி பார்க்க ஆசைதான், ஆனால் கைக்குழந்தையோடு என்றால் வேறு மாதம் நல்லது. முழங்கால் நேர்ச்சை இருந்தால் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள், சேலையைவிடச் சுடிதார் வசதி. மாற்றுத்துணி எவ்வளவு தேவை என்று நினைக்கிறீர்களோ அதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணிக் கடலைப் பார்த்த பிள்ளை நனையாமல் திரும்பியதை நான் இதுவரை பார்க்கவில்லை.