கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு: கோடியக்கரை நாட்குறிப்பு

17 ஜனவரி 2025, வெள்ளி

நாலரைக்கு எழுந்தேன். பொங்கல் லீவில் வேதாரண்யத்தில் ஒரே ஒரு டீக்கடைதான் திறந்திருந்தது. சூரியன் கிளம்ப ஆறரை தாண்டிவிட்டது. சரணாலயத்துப் புல்வெளியில் முறுக்குக் கொம்போடு ஒரு கலை, அதாவது ஆண் வெளிமான். கொஞ்சம் தள்ளி நாலைந்து பிணைகள், பெண் மான்கள்.

1967இல் இந்தச் சரணாலயத்தை அறிவித்ததே இந்த வெளிமான்களுக்காகத்தான். பழம்பாட்டில் 'இரலை' என்று வருவது இதுதான். ஆணின் முதுகு அடுப்புக்கரி, வயிறு சுண்ணாம்பு. கேமராவுக்கு இரண்டும் ஒன்றாகப் பிடிபடாது. முதுகைப் பார்த்து இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ராத்திரி லேப்டாப்பில் பார்த்தால், வயிற்றிலும் கண்ணைச் சுற்றிய வளையத்திலும் ஒரு முடிகூட இல்லை. வெறும் காகிதம். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலும் மீட்க முடியவில்லை. இருநூறு படம், எல்லாமே இப்படி.

18 ஜனவரி, சனி

கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றில் வைத்தேன். வயிற்றில் முடி வந்தது. முதுகு தார் ரோடாகிவிட்டது. உடம்பு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பளிச்சென்ற வெயிலில் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க என் கேமராவுக்குத் தெம்பில்லை.

ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு தொல்லை. தரை சூடேறி, புல்லுக்கு மேல் காற்று அலையடித்தது. 400 மி.மீ. லென்ஸில் மானின் கால்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிந்தன. ஃபோகஸ் சரிதான், கானல்தான் காரணம். இதைக் கண்டுபிடிக்காமல் இரண்டு வருஷம் லென்ஸைத் திட்டியிருக்கிறேன்.

"ஃபிளாஷ் போட மாட்டீங்களா தம்பி?" என்றார் கூட வந்த வழிகாட்டி அண்ணன்.

"அவ்வளவு தூரம் எட்டாதுண்ணே. எட்டினாலும் மான் மிரளும்."

"அப்ப நாளைக்கு மூடாப்பா இருந்தா நல்லதுங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மேகம் வேண்டி யாராவது கோடியக்கரைக்கு வருவார்களா?

19 ஜனவரி, ஞாயிறு

மூடாப்பேதான். போகாமல் தூங்கிவிடலாமா என்று யோசித்தேன்.

ஏழு மணிக்கு மெல்லிய மேகம் வானம் முழுக்க வேட்டி கட்டினாற்போல் பரவியது. எங்கும் நிழலே இல்லை. வண்டிக் கதவில் அரிசிப்பையை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினேன். ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் வேகம் 1/640 நொடி. கலை நிமிர்ந்து பார்த்தது.

அந்தக் கறுப்பு கறுப்பே இல்லை. தோளில் செம்பழுப்பு கலந்திருந்தது. பிடரியில் பனித்துளி நின்றது. கொம்பின் ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிந்தது. வயிற்று வெள்ளையில் ஒட்டிய புல் விதை ஒன்றுகூட. கோடை வந்தால் இந்தக் கறுப்பு வெளிறிப்போகும், அதனால் இதற்கு ஜனவரிதான்.

பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. மட்டக்குதிரைகள் குறுக்கே வர, மான்கள் பாலை மரங்களின் பக்கம் ஒதுங்கிவிட்டன. திரையில் காட்டினேன். அண்ணன் கொம்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். வளையங்களை விரலால் எண்ணி, பாதியில் விட்டுவிட்டார்.

மத்தியானம் லென்ஸ் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்தேன். நாளைக்கும் மேகமாம். ரூமை இன்னொரு நாள் நீட்டச் சொல்லிவிட்டேன்.