மீட்டர் கேஜ் ஸ்டேஷன் மாடல் - நாலு மாசத்துல இவ்ளோதான் முடிஞ்சிருக்கு

காட்பாடி - விழுப்புரம் லைன், மொத்தம் 161 கிலோமீட்டர், அது மீட்டர் கேஜா (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர்) இருந்த காலத்துல வழியில ஒரு சின்ன ஸ்டேஷன் 1970கள்ல எப்படி இருந்திருக்கும், அதத்தான் மொட்டை மாடி ரூம்ல உக்காந்து பண்ணிட்டிருக்கேன். அச்சு அசலா எந்த ஸ்டேஷனும் இல்ல, ஆனா களம்பூர்ல இருக்கே ஆரணி ரோடு ஸ்டேஷன், அதுதான் மனசுல ஓடுது. ஃப்ரெண்ட் ஒருத்தன் வாலாஜா ரோடு பண்ணுடா, 1856ல ராயபுரத்துல இருந்து கிளம்புன தென்னிந்தியாவோட முதல் ரயிலே அங்கதான வந்துச்சுன்னான். வாஸ்தவம்தான், ஆனா அது மெயின் லைன், அங்க இன்னிக்கும் வண்டி பறந்துட்டுதான் இருக்கு. எனக்கு அரிசி மூட்டையால பொழைச்ச ஸ்டேஷன் வேணும்.

ஸ்கேல் சுமார் 1:111. மீட்டர் கேஜுக்குன்னு வர்ற 12 மில்லிமீட்டர் டிராக் விலையக் கேட்டா தலை சுத்துது, அதனால 9 மில்லிமீட்டர் 'N கேஜ்' மாடல் டிராக்க வாங்கி, ஒரு மீட்டருக்கு ஆயிரம் மில்லிமீட்டர், அந்த ஆயிரத்த ஒம்போதால வகுத்து, மத்ததெல்லாம் அந்தக் கணக்குல செஞ்சுட்டேன். ஜல்லிக்கு எம் சாண்ட், அம்மாவோட ரவா சல்லடையில சலிச்சது (புதுசு வாங்கிக் குடுத்துட்டேன்). மே மாசம் வேலூர் வெயில்ல சிமென்ட் ஷீட் போட்ட ரூம் அடுப்பாயிடுச்சு, இடைவெளியே விடாம ஒட்டின தண்டவாளம் நடுவுல பாம்பு மாதிரி வளைஞ்சு நிக்குது. நெஜ ரயில்வேல ஃபிஷ் பிளேட் (ரெண்டு தண்டவாளத்த இணைக்கிற இரும்புப் பட்டை) போடற எடத்துல ஏன் கேப் விட்டாங்கன்னு அன்னிக்குதான் உறைச்சுது, ஒரு அடி பிச்சு மறுபடி போட்டேன்.

மூட்டைக்கு பதிலா கோதுமை மணிக்கு சாக்கு கலர் அடிச்சு கூட்ஸ் ஷெட்ல அடுக்கினேன், நெல்லு ஊருக்கு கோதுமை மூட்டை, சைஸ் கிட்டத்தட்ட சரியா இருந்துச்சு. மூணு வாரத்துல வண்டு. ஷெட்டே காலி. இப்போ ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையில உருட்டிட்டிருக்கேன், இருநூறு மூட்டை உருட்டறதுக்குள்ள விரல் போயிடும் போல.

பெரிய தப்ப கண்டுபிடிச்சது மாமா. சின்ன வயசுல அரிசி மண்டில கணக்கு எழுதினவரு. வந்து பாத்துட்டு சிரிக்கிறாரு, "இன்னாடா இது, பிளாட்ஃபாரம் இவ்ளோ உசரம்? நாங்க தரையில நின்னுகினு படியப் புடிச்சி ஏறுவோம்டா. உசரமா கட்டினது மூட்டைக்குத்தான், மனுஷனுக்கு இல்ல". கூட்ஸ் ஷெட் மேடை மட்டும் வேகன் தளத்துக்கு சமமா இருக்கணுமாம், மூட்டைய தூக்கி எறக்காம நேரா நடந்து உள்ள போடறதுக்கு. நான் ரெண்டையும் தலைகீழா பண்ணி வச்சிருந்தேன், ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க சுரண்டினேன்.

ஏன் மாமா லாரிக்கு மாறினீங்கன்னு கேட்டா காட்பாடிய சொல்றாரு. பெங்களூரு பக்கம், கேரளா பக்கம் போற சரக்க அங்க மீட்டர் கேஜ் வேகன்ல இருந்து எறக்கி பிராட்கேஜ் (அகலப் பாதை) வேகன்ல ஏத்தணும், கொக்கி போட்டு இழுக்கிறதுல சாக்கு கிழியும், அரிசி சிந்தும், வேகன் வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும். லாரி மில்லு வாசல்லயே வந்து நின்னுச்சு, அவ்ளோதான். அப்புறம் கேஜ் மாத்துறோம்னு லைன மூடி 2010லதான் தொறந்தாங்க. ரயில் வந்துச்சு, நாங்க லாரிலயே இருந்துட்டோம்ங்கிறாரு.

அதனால கூட்ஸ் ஷெட்ட மட்டும் கழட்டி மாட்டற மாதிரி ரெண்டா பண்ணேன். ஒண்ணு மூட்டை, மாட்டு வண்டி எல்லாம் இருக்கிறது. இன்னொண்ணு ஓடு சரிஞ்சு, உள்ள சீமைக்கருவேலம் மொளைச்சது. பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர பிச்சு, பழைய டீத்தூள் தூவினா முள்ளுச்செடி அப்படியே வருது, உண்மைய சொல்லணும்னா இதுதான் நல்லா வந்திருக்கு. மாமாவுக்கு புடிக்கல, "இத பாக்கணும்னா பஸ் ஏறிப் போயி பாத்துக்கலாம்ல, இத எதுக்குடா ஒக்காந்து செய்ற"ன்னு அவரே கழட்டி மூட்டை ஷெட்ட மாட்டிட்டு போயிட்டாரு.

இன்னும் சிக்னல் கைகாட்டி பண்ணல. கிட்டார் கம்பில இழுத்துப் பாத்தேன், கை ஏறுது, எறங்க மாட்டேங்குது.