வரையாட்டில் நான் தவறவிட்ட மதிப்பெண்

வனத்துறைத் தேர்வுக்கு முதல்முறை படித்தபோது மேற்குத் தொடர்ச்சி மலை விலங்குகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். பெயர், அறிவியல் பெயர், சரணாலயம், அவ்வளவுதான். மாதிரித் தேர்வில் வரையாட்டின் வாழிடம் கேட்டார்கள். யோசிக்காமல் சோலைக்காடு (மலை மடிப்புகளில் அடர்ந்து வளரும் காடு) என்று எழுதினேன், தவறு. வரையாடு மேய்வது புல்வெளியில், சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடுவது பாறைச் சரிவுக்கு. 'வரை' என்றாலே மலைதானே, பெயரிலேயே பாதி விடை இருந்திருக்கிறது.

அப்புறம் முறையையே மாற்றினேன். பெரிய தாளில் மலையைப் பக்கவாட்டில் வரைந்து, அடிவாரத்தில் இலையுதிர் காடு, அதற்கு மேல் பசுமைமாறாக் காடு, உச்சியில் புல்வெளி, புல்வெளியின் மடிப்புகளில் மட்டும் சோலை என்று நிரப்பி, ஒவ்வொரு விலங்கையும் அது வாழும் உயரத்தில் எழுதிக்கொண்டே "ஏன் இங்கே?" என்று கேட்டுப் பார்த்தேன். சிங்கவால் குரங்கு பெரும்பாலும் மரத்தின் மேலேயே வாழ்வது, கிளையோடு கிளை தொட்டிருந்தால்தான் நகர முடியும். நடுவில் தேயிலைத் தோட்டம் வந்தால் கூட்டம் ஏன் துண்டாகிவிடுகிறது என்பது இதைத் தெரிந்துகொண்டாலே புரியும், தனியாக மனப்பாடம் தேவையில்லை.

புல்வெளிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். மரம் இல்லாததால் அது வெறும் நிலம் என்று பலரும் நினைக்கிறார்கள். உறைபனியில் மரக்கன்றுகள் கருகிவிடுவதும் அங்கே புல்லே நிலைத்திருக்க ஒரு காரணம். அந்த இடத்தில் வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டதால் வரையாடும் நெட்டைக்காலிப் பறவையும் வாழிடம் இழந்தன. மரம் நடுவது எப்போதும் நல்லது என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

எண்களைக் கடைசியில் படித்தால் போதும். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள். இமயமலைத் தார் என்ற காட்டாட்டுக்கு நெருங்கிய உறவு என்று கருதப்பட்ட இது மரபணு அளவில் செம்மறியாட்டுக்கு நெருக்கமானது என்று 2005இல் தெரிந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒருமுறை கேரளாவில் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போய் நேரில் பாருங்கள். முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு இருக்கும், அதைப் பார்த்தபிறகு கிடாவையும் பெட்டையையும் குழப்பிக்கொள்ளவே மாட்டீர்கள். குட்டி ஈனும் காலத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில், பூங்காவை மூடிவிடுவார்கள், அதனால் தேதியை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.