ஓகேமல் செய்முறைத் தேர்வுக்கு மேக்ஃபைல் மாறிகளைத் தயார் செய்வது

ஓகேமல் (OCaml) மொழியில் எழுதிய நிரல் சரியாக இருந்தும், அதை இயங்கும் கோப்பாக மாற்றும் பில்ட் ஓடவில்லை என்றால் தேர்வில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே மேக் (make) கருவிக்கு பில்ட் கட்டளைகளைச் சொல்லும் மேக்ஃபைலில் எழுதும் மாறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மதிப்பு எப்போது கணக்கிடப்படுகிறது? வெளியிலிருந்து யார் அதை மாற்ற முடியும்?

= போட்டால், மாறி பயன்படும் ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் புதிதாக விரியும். := போட்டால் அந்த வரியைப் படிக்கும்போதே ஒருமுறை கணக்கிட்டு முடிந்துவிடும். ஷெல் கட்டளையின் விடையை வாங்கும் மாறிக்கு := தான் சரி; இல்லையேல் கட்டளை திரும்பத் திரும்ப ஓடும். ?= முன்பே மதிப்பு இல்லாதபோது மட்டும் எடுபடும்; லேப் கணினியின் சூழல் மாறியில் அதே பெயர் இருந்தால் உங்கள் மதிப்பு ஒதுங்கிவிடும்.

கட்டளை வரியில் தரும் மதிப்பு கோப்பில் உள்ளதை வென்றுவிடும். எல்லா ஃபிளாக்குகளும் (கம்பைலருக்குத் தரும் விருப்பங்கள்) ஒரே மாறியில் இருக்க, டீபக் தகவல் வேண்டி அதே மாறியை மேக் கட்டளையோடு -ஜி என்று கொடுத்தால், வெளி நூலகங்களைச் சேர்க்கும் பேக்கேஜ் ஃபிளாக்குகளும் சேர்ந்தே போய்விடும். கோப்பில் உள்ள += கூடக் காப்பாற்றாது. ‘அன்பவுண்ட் மாட்யூல்’ (அந்த மாட்யூல் கிடைக்கவில்லை) என்று பிழை வரும். காரணத்தை நிரலில் தேடிப் பயனில்லை. கட்டாயமான ஃபிளாக்குகளைத் தனி மாறியிலும், மாற்றிப் பார்க்க வேண்டியவற்றை வேறொன்றிலும் வைத்து, விதியில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.

அதிக நேரத்தைத் தின்பது லிங்க் வரிசை, அதாவது கம்பைல் ஆன மாட்யூல்களை ஒன்றாக இணைக்கும் வரிசை. ஒரு மாட்யூல் எதைச் சார்ந்திருக்கிறதோ அது வரிசையில் அதற்கு முன் வர வேண்டும். கோப்புகளை வைல்ட்கார்டால் (*.ml போன்ற பொதுக்குறியால்) திரட்டினால் இந்த வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. மேக் 3.82 முதல் 4.2 வரை அந்தப் பட்டியல் வரிசைப்படுத்தப்படுவதே இல்லை. 4.3-இல் ஆங்கில அகரவரிசை திரும்பி வந்தது; அதிலும் மெயின் கோப்பு பார்சருக்கு முன்னால் போய் நிற்கும். மூலக் கோப்புகளின் பட்டியலை, எது எதைச் சார்ந்தது என்று கண்டறியும் ஓகேமல்டெப் கருவியின் -சார்ட் வசதியிடம் := வழியாக வாங்குங்கள். நாலைந்து கோப்புகள்தான் என்றால் கையால் எழுதுவதே பாதுகாப்பு.

நூலகங்களைத் தேடித் தரும் ஓகேமல்ஃபைண்ட் கருவியின் -பேக்கேஜ் ஃபிளாக், கம்பைல், லிங்க் இரண்டிலும் வேண்டும். -லிங்க்பிகேஜி லிங்க்கில் மட்டும். மதிப்புக்குப் பின் அதே வரியில் குறிப்பு எழுதினால் இடைவெளியும் மதிப்போடு ஒட்டிக்கொண்டு பாதையை இரண்டாக உடைக்கும். ஷெல்லின் சொந்த மாறிக்கு $$ தேவை. ஃபிளாக்கை மட்டும் மாற்றினால் மேக் எதையும் மறுபடி கம்பைல் செய்யாது, அது கோப்பின் நேரத்தையே பார்க்கிறது. முதலில், பழைய வெளியீட்டுக் கோப்புகளை அழிக்கும் கிளீன் விதியை ஓட்டுங்கள்.

பைட்கோடு (இடைநிலைக் குறிமுறை), நேட்டிவ் (நேரடி இயந்திரக் குறிமுறை) ஆகிய இரண்டு வகைக் கம்பைலையும் ஒரே கோப்புறையில் -ஜே போட்டு இணையாக ஓட்ட வேண்டாம். தனி இன்டர்ஃபேஸ் கோப்பு இல்லாத மாட்யூலுக்கு இரண்டு கம்பைலர்களும் அதே சிஎம்ஐ கோப்பை (கம்பைல் ஆன இன்டர்ஃபேஸ்) எழுதப் போட்டியிடும். ஒருமுறை ஓடும், மறுமுறை உடையும். தேர்வுக்கு ஏதேனும் ஒன்று போதும்.

சந்தேகம் வந்தால் மேக் கட்டளையோடு -என் போட்டு, ஓடப்போகும் கட்டளைகளை மட்டும் வாசியுங்கள். மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை மேக்கின் ஒரிஜின் ஃபங்ஷன் சொல்லும்: கோப்பா, சூழலா, கட்டளை வரியா என்று.